வெரிகோஸ் வெயினுக்கு நோய்க் குறியீடு போடுவது எப்படி: கொழும்பில் கோடிங் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நோயாளியின் மருத்துவச் சீட்டில் ‘வெரிகோஸ் வெயின்’ என்று கண்டதும் புதிதாக வேலைக்கு வந்தவர் ஐ83.9 என்று அடித்துவிட்டு அடுத்ததை எடுப்பார். காலில் இரத்த நாளம் சுருண்டு தடித்திருக்கிறது, அதற்கு ஒரு குறியீடு, அவ்வளவுதானே என்று தோன்றும். அமெரிக்கக் குறியீட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஐ83 என்ற இந்த ஒரு தலைப்புக்குக் கீழே மட்டும் 57 குறியீடுகள் இருக்கின்றன. நோயின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றில் சரியானதைத் தெரிவுசெய்ய முடியாது. என்ன சிக்கல், எந்தக் கால், புண் இருந்தால் எந்த இடம், எவ்வளவு ஆழம் என்பதைச் சீட்டிலிருந்து எடுக்க வேண்டும். பெயர் உங்களை ஐ83 வரைதான் கொண்டுவந்து விடும். மிச்ச இலக்கங்களைச் சிக்கல்தான் சொல்லும்.

ஒரு சின்ன விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். குறியீடுகளின் முதலெழுத்தை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். ‘ஐ83’ இல் முன்னால் நிற்பது ஆங்கில எழுத்து, இலக்கம் ஒன்று அல்ல. ‘ஓ22’ இல் நிற்பதும் எழுத்துத்தான், பூச்சியம் அல்ல. ஐசிடி-10 என்ற சர்வதேச நோய்ப் பட்டியலின் குறியீடுகள் எல்லாமே எழுத்தில்தான் தொடங்கும். கைவேகத்தில் எழுத்துக்குப் பதில் இலக்கம் விழுந்துவிடுவது சாதாரணமாக நடப்பது.

முதலில், உங்கள் மேசையில் இருப்பது எந்தப் புத்தகம்?

கொழும்பில் இந்த வேலை இரண்டு விதமான இடங்களில் நடக்கிறது. ஒன்று, அரச வைத்தியசாலைகளின் மருத்துவப் பதிவு அறை. நோயாளி வீடு போனதும், அவரைப் பற்றி வார்ட்டில் எழுதிய பதிவேடான டிக்கெட் அங்கே வந்து சேரும். அதைப் பார்த்துப் போடும் குறியீடுகள் சேர்ந்து, ஐஎம்எம்ஆர் என்று எல்லோரும் சொல்லும் உள்ளக நோயாளர் அறிக்கையாகக் காலாண்டுக்கு ஒரு தடவை சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போகும். இங்கே பயன்படுவது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10. அது மூன்று தொகுதிகளாக வரும்: முதலாவது குறியீட்டுப் பட்டியல், இரண்டாவது விதிகள், மூன்றாவது அகரவரிசைச் சுட்டி.

மற்றது, அமெரிக்க வைத்தியசாலைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் பில் தயாரித்துக் கொடுக்கும் தனியார் நிறுவனங்கள். பின்னேரம் வேலைக்குப் போய் விடிய வீடு திரும்பும் பிள்ளைகள் பலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்துத் தங்கியிருப்பது இந்த வேலைக்காகத்தான். அவர்களுக்கு ஐசிடி-10-சிஎம். அமெரிக்கா தன் தேவைக்காக உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலை நீட்டி எடுத்து, 2015 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வடிவம் அது. ஐசிடி-11 வந்துவிட்டதே என்று யாராவது கேட்பார்கள். வந்துவிட்டதுதான், 2022 ஜனவரி 1 முதல். ஆனால் அமெரிக்க கிளெய்ம், அதாவது காப்புறுதியிடம் காசு கேட்டு அனுப்பும் பில், இன்னும் 10-சிஎம்மில்தான் போகிறது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஐ83 இல் போல வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் நான்கே நான்கு:

ஐ83.0 – புண்ணுடன்
ஐ83.1 – அழற்சியுடன்
ஐ83.2 – புண், அழற்சி இரண்டுடனும்
ஐ83.9 – புண்ணோ அழற்சியோ இல்லாமல்

வலது கால், இடது கால் என்ற பேச்சே இங்கே இல்லை. அமெரிக்கப் பட்டியலில் இதே நான்கும் இருக்கின்றன, நடுவில் ஐ83.8, ‘வேறு சிக்கல்களுடன்’ என்று புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அது சேர்ந்ததால் ஐ83.9 இன் பொருளே மாறிவிட்டது. அமெரிக்கப் புத்தகத்தில் ஐ83.9 என்றால் அறிகுறி எதுவும் இல்லாத வெரிகோஸ் வெயின். நோவு இருந்தால், வீக்கம் இருந்தால் அது ஐ83.9 அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புத்தகத்திலோ நோவும் வீக்கமும் உள்ள கால்கூட, புண்ணும் அழற்சியும் இல்லாவிட்டால், ஐ83.9 க்குத்தான் போகும். அங்கே ஐ83.8 என்று ஒரு குறியீடே கிடையாது.

ஆகவே அரச வைத்தியசாலையில் பழகியவர் இரவு வேலைக்குப் போனாலும், இரவு வேலையில் பழகியவர் அரச வேலைக்கு வந்தாலும், முதல் வாரம் இந்த ஒரு குறியீட்டில் கவனமாக இருங்கள். உங்கள் நிறுவனம் அவுஸ்திரேலியாவுக்கு வேலை செய்தால் அங்கே பட்டியல் இன்னும் வேறு. எந்தப் பட்டியல், எந்தப் பதிப்பு என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புத்தகத்துக்குக் காசு செலவழிக்க அவசரப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கக் கிடைக்கிறது. அமெரிக்கப் பட்டியலும், அதைவிட முக்கியமான வழிகாட்டு விதிகளும், அந்த நாட்டு அரச நிறுவனங்களான சிடிசி, சிஎம்எஸ் தளங்களில் இலவசம். சான்றிதழ்ப் பரீட்சைக்குப் போகிறவர்கள் அச்சுப் புத்தகம் வாங்குவது வேறு கதை.

காலில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம்

உடற்கூற்றியல் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சீட்டை வாசிக்க இவ்வளவாவது வேண்டும். காலின் தோலுக்குக் கீழே ஓடும் நாளங்களில் இரண்டு முக்கியமானவை. கணுக்காலின் உட்புறத்தில் தொடங்கித் தொடை வழியே கவட்டுப் பகுதி வரை ஏறுவது பெரிய சஃபீனஸ் நாளம். கெண்டைக்காலின் பின்புறமாக ஏறி முழங்காலுக்குப் பின்னால் ஆழ்நாளத்தில் சேருவது சிறிய சஃபீனஸ். எங்கள் வைத்தியர்கள் பெரியதை எல்எஸ்வி என்று எழுதுவார்கள், அமெரிக்க வைத்தியர் ஜிஎஸ்வி என்று எழுதுவார். இரண்டும் ஒரே நாளம்தான்.

இந்த நாளங்களுக்குள்ளே இரத்தத்தை மேல்நோக்கி மட்டும் விடும் வால்வுகள் இருக்கின்றன. கிணற்று மோட்டரின் ஃபுட் வால்வு பழுதானால் ஏறிய தண்ணீர் திரும்பக் கீழே இறங்கிவிடுமே, அதே கதைதான் இங்கேயும். இறங்கிய இரத்தம் கீழே தேங்கும், நாளம் விரிந்து சுருளும், கால் வீங்கும். நாட்பட்டால் கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் கபில நிறமாகும், அரிப்புடன் அழற்சி வரும், கடைசியில் புண்ணாகும். நாளத்தில் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டூப்ளெக்ஸ் ஸ்கேன் அறிக்கையில் ‘ரிஃப்ளக்ஸ்’ என்று இருப்பது இந்தப் பின்னிறக்கத்தைத்தான். தோலுக்குக் கீழே ஓடும் இந்த நாளங்களில் அது அரைச் செக்கனுக்கு மேல் நீடித்தால் கோளாறு என்று எடுப்பார்கள்.

சில சீட்டுகளில் சி2, சி4, சி6 என்று இருக்கும். அது கால் நாள நோயைப் படிப்படியாகப் பிரிக்கும் சிஇஏபி என்ற வகைப்பாடு. சி1 மெல்லிய சிலந்தி நாளங்கள், சி2 மூன்று மில்லிமீற்றரும் அதற்கு மேலும் விரிந்த வெரிகோஸ், சி3 வீக்கம், சி4 தோல் மாற்றம், சி5 ஆறிய புண், சி6 ஆறாத புண். சீட்டில் எதைத் தேட வேண்டும் என்று இது உங்களுக்குச் சாடை காட்டும். ஆனால் அந்த எண்ணை நீங்களே குறியீடாக மொழிபெயர்க்கக் கூடாது. சி6 என்று போட்டிருந்து புண்ணைப் பற்றி வேறெங்கும் ஒரு சொல் இல்லையென்றால், கேட்க வேண்டும். சி5 என்றால் புண் ஆறிவிட்டது. இப்போது இல்லாத புண்ணுக்குப் புண் குறியீடு போடுவதில்லை.

வாசிப்பு வரிசை

டிக்கெட்டைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கத்து முடிவான நோயறிதலை மட்டும் பார்த்துவிட்டுக் குறியீடு தேடப் போகாதீர்கள். கடைசிப் பக்கத்தில் ‘விவி’ என்று இரண்டு எழுத்துத்தான் இருக்கும். அது எழுதியவர் பயிற்சி வைத்தியராக இருக்கலாம், அன்றைக்கு வார்ட்டில் இடமில்லாமல் சனம் நிரம்பி வழிந்திருக்கலாம். விஷயம் எல்லாம் உள்ளே இருக்கிறது: அனுமதிக் குறிப்பு, சத்திரசிகிச்சைக் குறிப்பு, ஸ்கேன் அறிக்கை, தாதியரின் மருந்துகட்டும் அட்டை. ‘ட்ரெண்டலென்பர்க்’ என்று இருந்தால் கவட்டுப் பகுதியில் நாளச் சந்தியைக் கட்டியிருக்கிறார்கள். ‘ஸ்ட்ரிப்பிங்’ என்றால் நாளத்தை உருவி எடுத்திருக்கிறார்கள். எந்தக் கால் என்பது பெரும்பாலும் இந்தச் சத்திரசிகிச்சைக் குறிப்பில்தான் ஐயமில்லாமல் கிடைக்கும்.

யார் எழுதியதை எதற்கு எடுக்கலாம் என்பதற்கு அமெரிக்க விதிகள் தெளிவாக இருக்கின்றன. நோய் இன்னது என்று சொல்ல வேண்டியவர் வைத்தியர்தான். அவர் புண் என்று எழுதிவிட்டார், ஆழத்தை எழுதவில்லை என்றால், ஆழத்தைத் தாதியரின் குறிப்பிலிருந்து எடுக்கலாம். வலது இடது எழுதாமல் விட்டிருந்தாலும் மற்றச் சுகாதாரப் பணியாளர்களின் குறிப்பிலிருந்து எடுக்கலாம். ஆனால் வைத்தியர் புண் என்றே எழுதவில்லை, தாதி மட்டும் மருந்து கட்டியிருக்கிறார் என்றால் அதை வைத்துப் புண் குறியீடு போட முடியாது. குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலும் வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

அகரவரிசைச் சுட்டியில் ‘வெரிகோஸ்’ என்று தேடினால் அங்கும் இங்கும் அலைவீர்கள். ‘வேரிக்ஸ்’ என்ற சொல்லின் கீழே போங்கள். அதற்குக் கீழே நோவு, வீக்கம், இரத்தக் கசிவு, புண் என்று ஒவ்வொன்றாக இருக்கும். சுட்டி காட்டிய குறியீட்டோடு நின்றுவிடாமல் பட்டியலில் போய் அதன் குறிப்புகளையும் வாசிக்க வேண்டும். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இரண்டாம் வாரம் யாரும் செய்வதில்லை.

அமெரிக்கக் குறியீட்டைக் கட்டுவது

நான்காவது இடம் சிக்கல். அதுவரை இரண்டு புத்தகமும் ஒன்று. அதற்குப் பிறகுதான் ஒரு தந்திரம் இருக்கிறது: காலின் பக்கம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

ஐ83.9 இலும் ஐ83.1 இலும் ஐந்தாவது இடம் பக்கத்தைச் சொல்லும். 1 வலது, 2 இடது, 0 எந்தக் கால் என்று தெரியவில்லை. ஐ83.91 என்றால் வலது காலில் அறிகுறியற்ற வெரிகோஸ், ஐ83.12 என்றால் இடது காலில் அழற்சியுடன். தேங்கிய இரத்தத்தால் வரும் தோலழற்சியை, ‘ஸ்டேசிஸ் டெர்மடைட்டிஸ்’ என்று எழுதுவார்கள், வெரிகோஸோடு சேர்ந்து வந்தால் இந்த ஐ83.1 இல் போடுங்கள்.

ஐ83.8 இல் ஐந்தாவது இடம் பக்கம் அல்ல. ஐ83.81 நோவு, ஐ83.89 மற்றச் சிக்கல்கள். வீக்கமும் இரத்தக் கசிவும் இந்த 89 இல் அடங்கும். பக்கம் ஆறாவது இடத்துக்குப் போய்விடும்: 1 வலது, 2 இடது, 3 இரண்டும், தெரியவில்லையென்றால் பூச்சியம் அல்ல, 9. ஐ83.811 என்றால் வலது காலில் நோவுடன், ஐ83.892 என்றால் இடது காலில் வீக்கம் போன்ற சிக்கலுடன். ஒரே காலில் நோவும் வீக்கமும் இருந்து வைத்தியர் இரண்டையும் எழுதியிருந்தால் இரண்டு குறியீடும் போடலாம்.

நோவைக் குறியீட்டுக்குள்ளேயே சொல்லிவிட்டோம் என்பதால் எம்79.604 என்று ‘வலது கால் நோ’வைத் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. நோயோடு கூடவே வரும் அறிகுறிக்குத் தனிக் குறியீடு கிடையாது. மறுபக்கம், வெளிநோயாளர் கிளினிக்கில் ‘வெரிகோஸாக இருக்கலாம், ஸ்கேன் எடுக்கவும்’ என்று இருந்தால் ஐ83 போடவே கூடாது. அமெரிக்க விதிப்படி வெளிநோயாளரில் சந்தேகத்துக்குக் குறியீடு இல்லை. அப்போதுதான் எம்79.604 போன்ற அறிகுறிக் குறியீட்டுக்கு வேலை வரும்.

புண் இருந்தால்

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய இடம் இது. ஐ83.0 இலும் ஐ83.2 இலும் ஐந்தாவது இடம் பக்கம், ஆறாவது இடம் புண் இருக்கும் இடம். 1 தொடை, 2 கெண்டைக்கால், 3 கணுக்கால், 4 குதிக்காலும் நடுப்பாதமும், 5 பாதத்தின் மற்றப் பகுதி, விரல் உட்பட. 8 கீழ்க்காலின் மற்றப் பகுதி, 9 இடம் தெரியவில்லை. 6, 7 இரண்டும் கிடையாது.

இதோடு முடியவில்லை. புண்ணின் தீவிரத்தைச் சொல்ல எல்97 என்ற இரண்டாவது குறியீடும் கேட்கப்படுகிறது. வரிசை மாறக்கூடாது; ஐ83 முதலில், எல்97 பிறகு. எல்97 இன் இலக்கங்களின் ஒழுங்கு ஐ83 இலிருந்து வேறு. அங்கே நான்காவது இடத்தில் உடலின் இடம், ஐந்தாவதில் பக்கம், ஆறாவதில் ஆழம். நல்ல காலம், இடத்துக்கான இலக்கங்கள் இரண்டிலும் ஒன்றுதான். ஆழம் இப்படி: 1 தோல் மட்டும் உடைந்தது, 2 கொழுப்புப் படை தெரிவது, 3 தசை இறந்தது, 4 எலும்பு இறந்தது, 5 தசை வரை போயும் இறக்காதது, 6 எலும்பு வரை போயும் இறக்காதது, 8 வேறு குறிப்பிட்ட தீவிரம், 9 ஆழம் எழுதப்படவில்லை.

ஓர் உதாரணத்தை இரண்டு புத்தகத்திலும் செய்து பார்ப்போம். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது காலில் வெரிகோஸ், உட்புறக் கணுக்கால் எலும்பின் மேல் புண், சுற்றிவரத் தோலழற்சி. அரச வைத்தியசாலையில் என்றால் ஐ83.2, முடிந்தது. அதே விபரத்தோடு அமெரிக்கச் சீட்டு ஒன்று வந்தால்: புண்ணும் அழற்சியும், ஆகவே ஐ83.2, வலது, ஆகவே ஐ83.21, கணுக்கால், ஆகவே ஐ83.213. பிறகு எல்97.31 என்று தொடங்கி ஆழத்தைத் தேடுங்கள். வைத்தியர் எழுதவில்லை, ஆனால் காயத்துக்கு மருந்து கட்டும் தாதி ‘கொழுப்புப் படை தெரிகிறது’ என்று எழுதியிருக்கிறார். எல்97.312. அதுவும் இல்லையென்றால் எல்97.319 தான். ஆழமாகத்தான் இருந்திருக்கும் என்று நீங்கள் ஊகித்து ஒரு படி ஏற்றக் கூடாது.

ஒரே காலில் கெண்டைக்காலில் ஒன்று, கணுக்காலில் ஒன்று என்று இரண்டு புண் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோடி குறியீடு. ‘கெய்ட்டர் பகுதி’ என்று வைத்தியர்கள் அடிக்கடி எழுதுவார்கள். கணுக்காலுக்கு மேலே, கெண்டைக்காலுக்குக் கீழே உள்ள அந்த வளையம். கணுக்காலா, கெண்டைக்காலா என்று அந்தச் சொல் சொல்லாது. சத்திரசிகிச்சைக் குறிப்பிலோ படத்திலோ இடம் தெளிவாகாவிட்டால் கேளுங்கள்.

இன்னொன்று, ‘வீனஸ் அல்சர்’ என்று மட்டும் இருந்தால் வெரிகோஸ் இருக்கிறதா என்று பாருங்கள். நாளத்தின் குறைபாட்டால் வந்த புண், ஆனால் வெரிகோஸ் இல்லை என்று வைத்தியர் எழுதியிருந்தால் அது ஐ87.2 க்குப் போகும், கூடவே எல்97. ஸ்கேனில் ரிஃப்ளக்ஸ் என்று இருப்பதாலேயே வெரிகோஸ் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

இனி நீரிழிவு. எங்கள் டிக்கெட்டானாலும் அமெரிக்கச் சீட்டானாலும், கால் புண் உள்ள நோயாளிக்கு நீரிழிவும் இருப்பது அடிக்கடி காண்பது. அமெரிக்க விதியில், சுட்டியில் ‘உடன்’ என்ற சொல்லின் கீழே சேர்ந்து நிற்கும் இரண்டு நோய்கள் தொடர்புள்ளவை என்றே எடுக்க வேண்டும், தொடர்பில்லை என்று வைத்தியர் எழுதாதவரை. வெரிகோஸுக்குக் கீழேயும் புண் நிற்கிறது, நீரிழிவுக்குக் கீழேயும் நிற்கிறது. ஒரே புண்ணுக்கு இரண்டு சொந்தக்காரர். பாதத்துப் புண்ணுக்கு ஈ11.621, மற்ற இடத்துத் தோல் புண்ணுக்கு ஈ11.622 என்று நீரிழிவுப் பக்கமும் தயாராக நிற்கும். இரண்டையும் போட்டுவிட்டுப் போவது சுலபம். என்னைக் கேட்டால், இதில் வைத்தியரிடம் கேட்காமல் நகரக்கூடாது.

இரண்டு காலிலும் என்றால்

ஐ83.81, ஐ83.89, ஐ83.9 மூன்றிலும் ‘இரண்டு காலும்’ என்பதற்கு 3 என்ற இலக்கம் இருக்கிறது. புண், அழற்சிக் குறியீடுகளில் இல்லை. அங்கே வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட வேண்டும். வலது காலில் நோவு, இடது காலில் வீக்கம் என்றாலும் தனித்தனிதான்.

வெரிகோஸ் சிகிச்சையில் அதிகம் பிழை விடும் இடம் இன்னொன்று. இரண்டு கால்களையும் எப்போதும் ஒரே நாளில் செய்வதில்லை. பெரும்பாலும் ஒரு கால் முதலில், சில கிழமைகள் கழித்து மற்றது. முதல் தடவை இரண்டு காலிலும் நோய் இருக்கிறது, ஆகவே இரட்டைக் குறியீடு, வலதை மட்டுமே செய்தாலும். இரண்டாம் தடவை வரும்போது வலது கால் குணமாகிவிட்டது என்றால் இடதுக்கு மட்டும். முதல் காலில் நோய் முழுதாகத் தீரவில்லை என்றால் அப்போதும் இரட்டைக் குறியீடுதான். முந்தின கிளெய்மைப் பிரதிபண்ணி ஒட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எல்லாம் முடிந்து காயம் பார்க்க வரும் நோயாளிக்கு ஐ83 வேண்டாம். சத்திரசிகிச்சைக்குப் பின்னான பராமரிப்புக்கு இசட்48.812 இருக்கிறது.

ஐ83 க்குள் வராதவை

கர்ப்பிணியின் காலில் வெரிகோஸ் என்றால் ஐ83 ஐ மூடிவைத்துவிட்டு ஓ22.0 க்குப் போங்கள். டி சொய்சா, காசல் வீதி போன்ற மகப்பேற்று வைத்தியசாலைகளின் பதிவு அறையில் இருப்பவர்களுக்கு இதுதான் அதிகம் வரும். மகப்பேற்று அத்தியாயத்தின் குறியீடுகளுக்கு மற்ற அத்தியாயங்களை விட முன்னுரிமை. அமெரிக்கப் பட்டியலில் ஐந்தாவது இடம் மும்மாதப் பருவம்: 14 வாரம் நிறைவதற்கு முன் ஓ22.01, அதிலிருந்து 28 வாரம் நிறைவதற்கு முன் ஓ22.02, அதற்குப் பிறகு ஓ22.03. குழந்தை பிறந்த பின் என்றால் இரண்டு புத்தகமும் பிரிகின்றன. உலக சுகாதார நிறுவனத்தில் ஓ87.8, அமெரிக்காவில் ஓ87.4.

ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்தது வேறு நோய். அதிலும் புத்தகங்கள் பிரிகின்றன: உலக சுகாதார நிறுவனம் அதை ஐ80.2 இல் வைக்கிறது, அமெரிக்கப் பட்டியல் ஐ82.4 இல். சிலந்தி நாளங்கள் ஐ78.1. ‘வேரிசஸ்’ என்ற சொல்லைக் கண்டதும் கால் என்று நினைக்க வேண்டாம். உணவுக்குழாயில் என்றால் ஐ85, விதைப்பையில் என்றால் ஐ86.1. மூலநோய் கே64, அதுவும் சுருண்ட நாளம்தான் என்றாலும்.

வைத்தியரிடம் கேட்பது

அரச வைத்தியசாலையில் என்றால் வார்ட்டுக்கு நடந்து போகலாம், அல்லது வார்ட் சிஸ்டரைப் பிடிக்கலாம். விடிய வார்ட் ரவுண்ட் நேரத்தில் போகாதீர்கள். அமெரிக்க வேலையில் எழுத்தில்தான் கேட்க வேண்டும். நியூயோர்க்கில் காலை 9 மணி என்றால் கோடை காலத்தில் கொழும்பில் பின்னேரம் 6.30, குளிர்காலத்தில் 7.30. வேலை தொடங்கியதும் கேள்விகளை முதலில் அனுப்பிவிட்டால் நீங்கள் வீடு போவதற்குள் பதில் வந்துசேர வாய்ப்பிருக்கிறது.

கேள்வியில் பதிலைத் திணிக்கக் கூடாது. ‘இது வெரிகோஸ் புண்தானே?’ என்று கேட்பது பிழை. மேலே சொன்ன நீரிழிவு நோயாளிக்கு இப்படிக் கேட்கலாம்: ‘இடது கெண்டைக்காலில் புண் எனப் பதிவாகியுள்ளது. நோயாளிக்கு இடது காலில் வெரிகோஸும் இரண்டாம் வகை நீரிழிவும் உண்டு. புண்ணின் காரணத்தைத் தயவுசெய்து குறிப்பிடவும்: வெரிகோஸ், நீரிழிவு, இரண்டும், வேறு காரணம், தீர்மானிக்க முடியாது.’ காசு அதிகம் வரும், கிளெய்ம் திரும்பிவிடும் என்ற கதையெல்லாம் கேள்விக்குள் வரவே கூடாது.

ஐயம் வந்தால் சீட்டைப் போனில் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டு ‘இதுக்கு என்ன கோட், அண்ணா?’ என்று கேட்கும் பழக்கம் இருக்கிறது. விட்டுவிடுங்கள். அமெரிக்க நோயாளி என்றால், நோயாளர் விபரத்தைப் பாதுகாக்கும் அந்த நாட்டு ஹிப்பா சட்டம் தடுக்கும். எங்கள் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. பெயர், அடையாளம் எல்லாவற்றையும் நீக்கி, நோய் விபரத்தை மட்டும் தட்டச்சு செய்து அக்கா அண்ணாமாரிடம் கேட்டால் போதும்.

கிளெய்மை அனுப்ப முன்

காப்புறுதிக்காரர் பார்ப்பது உங்கள் நோய்க் குறியீடும் செய்த சிகிச்சையும் பொருந்துகிறதா என்று. சிகிச்சைக்கு சிபிடி என்ற தனிக் குறியீடு உண்டு: ரேடியோ அதிர்வெண்ணால் நாளத்தை அடைக்கும் சிகிச்சைக்கு சிபிடி 36475, லேசரால் என்றால் 36478. சிகிச்சை வரியில் ‘ஆர்டி’ என்று வலதைப் போட்டுவிட்டு நோய்க் குறியீடு ஐ83.812 என்று இடதைச் சொன்னால் அது திரும்பி வரும். அதே போல, நோவோடு வந்து அழுத்தக் காலுறை போட்டுப் பார்த்தும் சரிவராமல் சிகிச்சைக்கு வந்தவருக்கு ஐ83.91 என்று அடித்தால், அறிகுறி இல்லாத காலுக்கு அழகுக்காகச் செய்த சிகிச்சை என்று எடுத்துக் காசு மறுத்துவிடுவார்கள். தப்பு நோயாளியுடையதல்ல. ஆனால் பில் அவர் வீட்டுக்குத்தான் போகும். இதற்காக இல்லாத நோவைச் சேர்ப்பதும் முடியாது, அது மோசடி.

ஒரு கிளெய்ம் படிவத்தில், அதாவது சிஎம்எஸ்-1500 இல், நோய்க் குறியீடுகள் 12 வரை போடலாம். ஒவ்வொரு சிகிச்சை வரிக்கும் அதில் நான்கை மட்டும் சுட்டலாம். முதலில் சுட்டுவது அந்தச் சிகிச்சைக்கு உண்மையான காரணமாக இருக்கட்டும்.

குறியீட்டின் நீளத்தையும் பாருங்கள். ஐ83.01 என்று நிறுத்தினால் அது அரைகுறை. ஆறாவது இலக்கம் கேட்கும். ஐ83.11 ஐந்தோடு முடிந்துவிடும், அதற்குப் பின்னால் எதையும் ஒட்டக் கூடாது. 9 இல் முடியும் ‘தெரியவில்லை’க் குறியீடுகளை நான் தடை செய்யச் சொல்லவில்லை, சீட்டில் உண்மையிலேயே இல்லாதபோது அவைதான் நேர்மையான குறியீடு. ஆனால் எந்தக் கால் என்றுகூட எழுதாத சத்திரசிகிச்சைச் சீட்டு அபூர்வம். பக்கம் கிடைக்கவில்லை என்றால் இன்னும் ஒரு தடவை பக்கங்களைப் புரட்டுங்கள்.

கடைசியாக, பதிப்பு. அமெரிக்கப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 1 இல் மாறும், ஏப்ரல் 1 இலும் சிறு மாற்றங்கள் வரலாம். எந்தப் பதிப்பு என்பதை நீங்கள் வேலை செய்யும் நாள் தீர்மானிப்பதில்லை, நோயாளி சிகிச்சை பெற்ற நாள்தான் தீர்மானிக்கும். உள்நோயாளி என்றால் வீடு போன நாள். டிசம்பரில் உங்கள் திரைக்கு வரும் கிளெய்மில் சிகிச்சை நாள் செப்டெம்பர் 28 என்று இருந்தால், பழைய ஆண்டுப் பட்டியலைத் திறந்துகொள்ளுங்கள்.